இரண்டு டன் பயம்

ரொட்டிக்காரர் பயந்த சுபாவம் உள்ளவர். அதை அவர் மறைத்ததும் இல்லை. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை விடமாட்டார். யாராவது "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தால், விஷயம் வெளியே வருவதற்குள் அவர் மன்னிப்புக் கேட்டுவிடுவார். இப்படிப்பட்டவருக்கு வாய்த்த தொழிலோ, தினமும் விடிந்ததும் ஒரு நெருப்புப் பெட்டிக்குள் தலையை நீட்டிப் பார்ப்பது.

அவருடைய ரொட்டி அடுப்பு, யாரோ வேண்டாமென்று விற்றதை வாங்கியது. எரிவாயு எங்கே கசிகிறது என்று யாருக்கும் தெரியாது. கசிகிறது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் காலை அது பொறுமை இழந்தது. கதவு பிய்த்துக்கொண்டு பறந்து எதிர்ச் சுவரில் அடுக்கியிருந்த மாவு மூட்டைகளில் போய்ப் பதிந்தது. அந்த இடத்தில் அவர் மனைவியின் தலை இருந்திருக்க வேண்டும். கீழே விழுந்த கரண்டியை எடுக்க அவள் குனிந்ததால் இல்லை.

மாவுப் புகை அடங்கியபோது தலைமுதல் கால்வரை வெள்ளையாக நின்றுகொண்டு அவள் சொன்னாள்: "இன்னொரு தடவை இதைப் பத்த வச்சீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவர் ஒப்புக்கொண்டார். அவருக்குப் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

கடை மூடிக் கிடந்தது. வாடிக்கையாக ரொட்டி வாங்கும் மருத்துவமனைச் சமையலறையிலிருந்து, "சீக்கிரம் பாருங்க, இல்லேன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். புது அடுப்பு வாங்கக் கையில் பணம் இல்லை. சாதாரண வங்கிக்குப் போனால் வட்டி. வட்டிக்கு அவர் இரண்டு காரணங்களால் பயந்தார். ஒன்று, அவருடைய இஸ்லாமிய மார்க்கம் அதைத் தடுத்திருக்கிறது. இரண்டு, பக்கத்துத் தெரு மரக்கடைக்காரர். அவருடைய மரமும் போய், கடையும் போய், இப்போது அந்த இடத்தில் வட்டிக்குக் கடன் கொடுத்த வங்கியின் கிளை இருக்கிறது.

அதனால் ரொட்டிக்காரர் வட்டியில்லா வங்கிக்குப் போனார்.

பளிங்குத் தரை. ஒரு சுவர் முழுக்க ஒட்டக வரிசையின் ஓவியம். தொடர்பு அதிகாரி என்ற பதவியில் இருந்த இளைஞர் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அடுப்புக் கதையைக் கடைசி வரை கேட்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. ஆனா நாங்க கடன் கொடுக்கறதில்ல."

ரொட்டிக்காரர் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க. பணம் கொடுப்போம். கடன்தான் கொடுக்கமாட்டோம். பணத்துக்கு மேல பணம் வாங்கினா அது வட்டி. ஒரு பொருளை வாங்கி வித்து, அதுல கிடைச்சா அது லாபம். நாங்க வியாபாரிங்க. அந்தக் காலத்துச் சந்தையில எப்படி நடந்துதோ அப்படி."

ரொட்டிக்காரருக்கு நிம்மதியாக இருந்தது. "அப்ப ரொம்ப நல்லதுங்க. அந்த அடுப்பை நீங்க வாங்கிடுங்க. உங்க லாபத்தை வச்சு எனக்கு வித்துடுங்க. மாசாமாசம் கட்டிடறேன்."

அதிகாரி கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். யாரும் கேட்டிருக்கவில்லை.

"அடுப்பையா? வங்கியா? ஏங்க, அது எங்க கைல இருக்கற நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா?"

"என்னங்க ஆகும்?"

"லாரி கவிழலாம். நனையலாம். கடைசி நிமிஷத்துல நீங்க வேண்டாம்னுடலாம். அப்புறம் அதை வச்சுக்கிட்டு வங்கி என்ன பண்ணும்? ரொட்டி சுட்டு விக்குமா? அதெல்லாம் ரொம்ப ஆபத்து. நாங்க பண்றது செம்பு."

"செம்பா? தண்ணி மொள்ற செம்பா?"

"உலோகம்ங்க. துறைமுகத்துக் கிடங்குல செம்புத் தகடு கட்டுக்கட்டா இருக்கு. அதை வங்கி வாங்கும். லாபம் வச்சு உங்களுக்குத் தவணைக்கு விக்கும். நீங்க அதை இன்னொருத்தருக்கு ரொக்கத்துக்கு வித்துடுவீங்க. அந்தச் சிரமமும் உங்களுக்கு வேண்டாம்னு உங்க சார்பா நாங்களே வித்துடுவோம். ரொக்கம் உங்க கைக்கு வந்துடும். அதுல அடுப்பு வாங்கிக்கங்க. எங்கேயும் வட்டி இல்ல பாருங்க."

ரொட்டிக்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். எங்கேயும் வட்டி இல்லைதான்.

"எனக்குச் செம்பைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே."

"எங்களுக்கும் தெரியாது" என்றார் அதிகாரி பெருமையோடு. "தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்ல."

"அது எவ்வளவு நேரம் என்னோடதா இருக்கும்?"

"ஒரு தும்மல் போடற நேரம்."

"அந்த நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது. அதுக்குத்தான் அவ்வளவு கம்மியா வச்சிருக்கோம்."

பிறகு சடங்குகள் தொடங்கின. ஒரு தொலைபேசியைக் காதில் வைத்து "வாங்கினேன்" என்று சொல்ல வேண்டும். ரொட்டிக்காரர் சொன்னார். பதிவுக் குரல், "மன்னிக்கவும், உறுதியாகச் சொல்லவும்" என்றது. இன்னொரு முறை சொன்னார். குரல் நடுங்கியதால் அதுவும் ஏற்கப்படவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, தீ விபத்தில் கத்துவதைப் போல "வாங்கினேன்!" என்று கத்தினார். பக்கத்து மேசைகளில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதிவுக் குரல் நன்றி சொன்னது.

"அவ்வளவுதான். இப்ப உங்க சார்பா வித்துடறேன்" என்று அதிகாரி விசைப்பலகையை நோக்கி விரலை உயர்த்தினார்.

தீ எச்சரிக்கை மணி அலறியது.

ரொட்டிக்காரர் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்த முதல் ஆள். மற்றவர்கள் நிதானமாக வரிசையில் வந்தார்கள். அது ஒத்திகை. தொடர்பு அதிகாரி மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கையில் ஊதலோடு வந்தார். அந்த மாடிக்குத் தீத்தடுப்புப் பொறுப்பாளரும் அவர்தான்.

"சார், அந்தச் செம்பு..."

"உயிர் முக்கியமா, செம்பு முக்கியமா?"

"இது ஒத்திகைதானே சார்?"

"ஒத்திகைன்னா விதி இல்லையா? தலை எண்ணி முடியற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது."

தலைகளை எண்ணினார்கள். ஒரு தலை அதிகமாக வந்தது. அது ரொட்டிக்காரருடையது. அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பேசி முடிப்பதற்குள், கடல் கடந்த எங்கோ ஓர் ஊரில் செம்புச் சந்தை அன்றைக்குக் கடையைக் கட்டிவிட்டது. அதற்கு அடுத்து அங்கே தொடர் விடுமுறை.

உள்ளே வந்து உட்கார்ந்த அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு மஞ்சள் தொப்பியைக் கழற்றி வைத்தார்.

"அப்ப இப்ப அந்தச் செம்பு யாரோடதுங்க?" என்று ரொட்டிக்காரர் கேட்டார்.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அதுவரை அவர் எந்த வாடிக்கையாளருக்கும் எழுந்து நின்றதில்லை. "உங்களோடதுங்க. இரண்டு டன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"திருடு போனா?"

"நம்ம நஷ்டம்."

"அதுக்கும் நாம தவணை கட்டணுமா?"

"கட்டணும்."

"அடுப்பு?"

"அடுப்பு இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் குரல், மழைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியது.

"முதலாளிங்களா? நான் துறைமுகக் கிடங்கு மேற்பார்வையாளர் பேசறேன். உங்க சரக்குக்கு மேல கூரை ஒழுகுது. தார்ப்பாய் போடட்டுங்களா?"

வாழ்க்கையில் அவரை யாரும் முதலாளி என்று கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தை இவ்வளவு பயங்கரமானது என்று அவருக்குத் தெரியாது. "போடுங்கம்மா, போடுங்க" என்றார். தொலைபேசியை வைத்த பிறகு, தார்ப்பாய் காற்றில் பறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார். செம்பு துருப்பிடிக்குமா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைவீதிக்குப் போய் ஒரு பெரிய பூட்டு வாங்கி வந்து ரொட்டிக்கடைக் கதவில் மாட்டினார்.

"செம்பு அங்க இருக்கு. பூட்டு இங்க எதுக்கு?" என்றாள் மனைவி.

"தெரியல. மாட்டினா கொஞ்சம் நல்லா இருக்கு."

அவளும் ஒரு முறை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

விடுமுறை முடிந்து சந்தை திறந்த காலையில், வங்கி திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றார். தொடர்பு அதிகாரியின் முகம் வாடியிருந்தது. "உங்க செம்பு விலை இறங்கியிருக்குங்க" என்றார். போன தடவை அவர் 'நாங்க பண்றது செம்பு' என்று சொன்னது ரொட்டிக்காரருக்கு நினைவிருந்தது.

"பரவால்லங்க, வித்துடுங்க. வர்றது வரட்டும்."

"அதுல ஒரு சின்ன விஷயம். உங்களை மேல கூப்பிடறாங்க."

உச்சி மாடியில், வங்கியின் வியாபாரம் மார்க்கப்படி நடக்கிறதா என்று பார்க்கும் அறநெறிக் குழு கூடியிருந்தது. நீள மேசை, அதன் ஒரு முனையில் குழுத் தலைவர், அவருக்குப் பக்கத்தில் சட்ட ஆலோசகர், அப்புறம் பெயர்ப் பலகை வைத்த சிலர். ஓரத்தில் ஏனோ ஒரு மருத்துவரும் ஒரு புகைப்படக்காரரும் காத்திருந்தார்கள். தலைவர் எழுந்து வந்து ரொட்டிக்காரரைக் கட்டித் தழுவினார். ரொட்டிக்காரர் தன்னைக் கைது செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஐயா, அந்தக் காலத்து வியாபாரியை நெனச்சுப் பாருங்க" என்று தலைவர் ஆரம்பித்தார். "சரக்கை ஒட்டகத்துல ஏத்திக்கிட்டுப் பாலைவனத்தைக் கடந்தான். மணல் புயல், தாகம், கொள்ளைக்காரன். சரக்கு போய்ச் சேருமான்னு அவனுக்கே தெரியாது. அந்தப் பயத்தைச் சுமந்ததுக்குத்தான் அவனுக்கு லாபம் அனுமதிக்கப்பட்டுது. நம்ம அறிஞர்கள் அன்னைக்கே எழுதி வச்சாங்க: ஆபத்தைச் சுமக்காதவன் லாபத்தைத் தொடக்கூடாது. ஒருத்தர் முதல் போட்டார், இன்னொருத்தர் உழைச்சார். லாபம் வந்தா ரெண்டு பேருக்கும் பங்கு. நஷ்டம் வந்தா இவருக்கு முதல் போச்சு, அவருக்கு உழைப்பு போச்சு. என்ன ஒரு நியாயம்! என்ன ஒரு அழகு! அந்த மரபை இந்த வங்கி அப்படியே காப்பாத்தி வச்சிருக்கு. ஒட்டகம், பாலைவனம், கொள்ளைக்காரன், இது மட்டும்தான் இல்ல."

"ஆபத்தும் இல்ல" என்று சட்ட ஆலோசகர் மெதுவாக நினைவூட்டினார்.

"அதுதான் எங்க கஷ்டம்" என்று தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "வருஷாவருஷம் எங்களை மாதிரி வங்கிகளைக் கண்காணிக்கற மேற்பார்வை வாரியம் கேக்குது, உங்க வியாபாரத்துல நிஜமான ஆபத்துக்கு ஒரே ஒரு உதாரணம் காட்டுங்கன்னு. எங்ககிட்ட இருந்தாத்தானே? ஆண்டறிக்கையில அந்தப் பக்கத்துல ஒட்டகப் படம் போட்டுச் சமாளிச்சுட்டு வர்றோம். இந்த வருஷம் இறைவன் கருணையால நீங்க வந்திருக்கீங்க. நீங்க நிஜமாவே பயந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டோம். உண்மையா?"

"உண்மைங்க" என்றார் ரொட்டிக்காரர்.

மேசையைச் சுற்றி மகிழ்ச்சி முணுமுணுப்பு ஓடியது. மருத்துவர் முன்னே வந்து அவர் புஜத்தில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "ரொம்ப அதிகம். இது உடம்புக்கு நல்லதில்ல."

"அருமை!" என்றார் தலைவர். "எழுதிக்கங்க."

"சார்," என்று ரொட்டிக்காரர் தட்டுத் தடுமாறிக் கேட்டார், "பயப்படறது நான். லாபம் எடுக்கறது நீங்க. அது எப்படிங்க பொருந்தும்?"

சட்ட ஆலோசகர் இதற்குத் தயாராக இருந்தார். "பயப்படறதுக்கு உங்களை எங்க முகவரா நியமிச்சுடறோம். முகவரோட பயம் சட்டப்படி வங்கியோட பயம். இனிமே நீங்க பயந்தா, நாங்க பயந்த மாதிரி."

"அப்ப செம்பை எப்ப விப்பீங்க?"

"ஆண்டறிக்கை அச்சாகி வரட்டும். இப்பவே வித்துட்டா உங்க பயம் போயிடுமே."

"அதுக்குள்ள விலை இன்னும் இறங்கிட்டா?"

"இறங்கட்டும்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "உதாரணம் இன்னும் பலமா இருக்கும்."

புகைப்படக்காரர், "கொஞ்சம் இன்னும் பயமா பாருங்க" என்றார். ரொட்டிக்காரர் தனியாக எந்த முயற்சியும் செய்ய வேண்டியிருக்கவில்லை. படம் எடுத்து முடிந்ததும் அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"அந்தச் செம்பை நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாங்களா? பாத்தா மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

 யாரோ குடிக்கப்போன கோப்பையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"பாக்கறதா?" என்றார் தலைவர். "எதுக்கு? யாருமே பாத்ததில்லையே."

"பாத்தா என்னங்க ஆகும்?"

"தெரியாது. அதனாலதான் யாரும் பாக்கல."

ரொட்டிக்காரர் வீட்டுக்கு வந்து, தலைவர் பேசியதை ஒட்டகம் உட்பட ஒன்று விடாமல் மனைவியிடம் ஒப்பித்தார். செம்பு நிஜமாகவே அங்கே இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தவணை கட்டுவதுதான் இப்போது அவருடைய புதிய பயம். மனைவி தன் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் லாரி ஓட்டுபவன். சரக்கு இறக்கிவிட்டுச் சும்மா இருந்தான்.

"அதுக்கென்ன மச்சான், ஏறுங்க. போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றான்.

மூன்று பேரும் லாரியின் முன் இருக்கையில் நெருக்கிக்கொண்டு போனார்கள். கிடங்கு மேற்பார்வையாளர் நல்ல உயரமான பெண்மணி. கிடங்குக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். கூரை அந்த நிலையில் இருந்தது.

"முதலாளிங்களா?" என்றார் நம்பாமல். "நிஜமாவே முதலாளியே நேர்ல வந்திருக்கீங்களா?" ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பிறகு தார்ப்பாயை விலக்கினார்.

அது இருந்தது. சிவந்த தகடுகள், கனமான கட்டுகளாக, இடுப்பளவு உயரத்துக்கு. ரொட்டிக்காரர் விரலால் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷத்துல இது இந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம் நகர்ந்ததில்லீங்க" என்றார் மேற்பார்வையாளர். "சின்ன ஆளுங்களுக்குக் கொடுக்கறதுக்குன்னு உங்க வங்கி வச்சிருக்கறது இந்த ஒரு குவியல்தான். நாள் பூராவும் கை மாறிக்கிட்டே இருக்கும். இன்னிக்குக் காலைல கூட ஒரு பள்ளிக்கூட டீச்சரு வாங்கி வித்தாச்சு. அப்புறம் யாரோ ஒரு ஆம்புலன்ஸ் டிரைவரு."

"நான் இன்னும் விக்கவே இல்லையே!" என்றார் ரொட்டிக்காரர். உட்கார்ந்தவர் துள்ளி எழுந்தார். "என் செம்பை அவங்களுக்கு எப்படி விப்பாங்க?"

"அதை நீங்க அங்கதான் கேக்கணும். இங்க கணக்குப்படி இது உங்களோடது. வாங்கினேன்னு உங்க குரலே பதிவாகியிருக்கு. எனக்கும் போட்டுக் காட்டினாங்க. அம்மாடி, என்ன கத்து கத்தறீங்க!"

மனைவி அதுவரை பேசாமல் குவியலைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். இப்போது நின்றாள்.

"அப்ப இதை நாங்க எடுத்துக்கிட்டுப் போலாமா?"

"உங்க பொருளை நீங்க எடுத்துக்கிட்டுப் போறதுக்கு என்னை எதுக்கும்மா கேக்கறீங்க?"

"வேண்டாம்மா" என்றார் ரொட்டிக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு. "வம்பாயிடும். வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"இங்க விட்டுட்டுப் போனா நாளைக்கு இன்னொரு டீச்சர் வாங்கிட்டு வந்து தன்னோடதுன்னு கேப்பாங்க. யாரு பேரச் சொல்லிக் கேப்பாங்க? உங்க பேர. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இது கண்ணு முன்னாடி இருந்தா கம்மியா பயப்படலாம்."

சரக்கு தூக்கும் வண்டி வந்து கட்டுகளை லாரியில் ஏற்றியது. செம்பு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை புத்தம் புதிதாக, வெளிர் நிறத்தில் ஒரு சதுரமாகத் தெரிந்தது.

திரும்பி வரும் வழிதான் கொடுமை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே எதுவும் தெரியவில்லை. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் ரொட்டிக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார். அது முந்திப் போனால் முன்னால் போய் மறிக்கப் போகிறது என்று பயப்படுவார். முந்தாவிட்டால் பின்தொடர்கிறது என்று பயப்படுவார். ஒரு வளைவில் லாரி வழுக்கி, சரக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகியது. மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினான்.  லாரி நேரான பிறகு மனைவி சொன்னாள்: "வியாபாரம்னா இதுதான் போலிருக்கு. குடல் வாய்க்கு வந்துடுச்சு."

ரொட்டிக்கடையில், அடுப்பு இருந்த அறையில், செம்பை இறக்கி வைத்தார்கள்.

மறுநாள் மதியம் ஒரு கார் வந்து நின்றது. குழுத் தலைவர், சட்ட ஆலோசகர், தொடர்பு அதிகாரி மூவரும் ஒரே காரிலிருந்து இறங்கினார்கள். தலைவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரொட்டிக்காரர் அவர்களைப் பார்த்ததும் மாவு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார். மனைவிதான் முன்னே வந்தாள்.

"அம்மா, அந்தக் குவியல்..." என்றார் தலைவர்.

"உள்ள இருக்கு. வாங்க."

தலைவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் செம்பைப் பார்த்தார். "இவ்வளவு சிவப்பாவா இருக்கும்?" என்றார்.

தொடர்பு அதிகாரி அழும் நிலையில் இருந்தார். "நேத்தியிலிருந்து இன்னிக்குக் காலை வரைக்கும் இதை நெறையப் பேருக்கு வித்துட்டோம்மா. பழக்க தோஷம். பொருள் அங்க இல்லைன்னு யாருக்குத் தெரியும்? இல்லாத பொருளை வித்தோம்னு வாரியத்துக்குத் தெரிஞ்சா எங்க கதி அதோகதிதான். அதுவும், ஆபத்துக்கு நல்ல உதாரணம் கொடுத்திருக்கீங்க, நாளைக்கு நாங்களே கிடங்குக்கு வந்து பாக்கறோம்னு சொல்லிட்டாங்க."

"உங்க கூட்டத்துல ஒரு டாக்டர் இருந்தாராமே, அவர்கிட்ட உடம்பைக் காட்டிக்கங்க" என்றாள் மனைவி. உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள்.

"திருப்பிக் கொடுத்துடுவோம்" என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து ரொட்டிக்காரரின் குரல் வந்தது. "எனக்கு இது வேண்டவே வேண்டாம். எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"கொடுத்துடலாங்க" என்ற மனைவி தலைவர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க உச்சி மாடியில பேசினீங்களாமே, ஒருத்தர் முதல் போடுவார், ஒருத்தர் உழைப்பார்னு. கேட்டதுலேர்ந்து எனக்கு அதே நெனப்பா இருக்கு. இந்தச் செம்பையும் அதோட தவணையையும் நீங்களே எடுத்துக்கங்க. ஒரு அடுப்பு வாங்கிப் போடுங்க. அது உங்க முதல். நாங்க ரெண்டு பேரும் உழைக்கறோம். லாபத்துல பங்கு."

தலைவர் விழித்தார். "அம்மா, அது... அது மேடையில சொல்றது."

"ஏங்க, அது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நஷ்டம் வந்தா?"

"முதல் போச்சு."

தலைவர் செம்புக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "எவ்வளவு போகும்னு முன்கூட்டியே சொல்ல முடியாதா?"

"எப்படிங்க சொல்றது? மழை பேஞ்சா ஆளுங்க வரமாட்டாங்க. ஆஸ்பத்திரில வேற ஆளைப் பாத்துட்டா அதுவும் போச்சு."

"ஒரு தும்மல் போடற நேரத்துக்கு மட்டும் கூட்டாளியா இருந்துக்கறோமே?" என்று சட்ட ஆலோசகர் கேட்டுப் பார்த்தார்.

 வெளியிலிருந்து தலைவரின் ஓட்டுநர், வாரியத்திலிருந்து அழைப்பு என்று கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். தலைவர் அதை ஒரு பாம்பைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.  ஆலோசகர் அங்கேயே எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். 

செம்பு அன்று மாலையே கிடங்குக்குத் திரும்பிப் போனது. லாரிக்குப் பின்னால் வங்கியின் கார் ஊர்ந்து போனதாகவும், ஒவ்வொரு வளைவிலும் உள்ளிருந்து யாரோ கத்தியதாகவும் மைத்துனன் வந்து சொன்னான்.

புது அடுப்பு வந்தது. அது கசியவில்லை. ரொட்டிக்காரர் தினமும் முகர்ந்து பார்த்தார், இருந்தாலும். மருத்துவமனைச் சமையலறை, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறோம் என்றது. வங்கியின் மற்ற கிளைகளில் எல்லாம் செம்பு பழையபடி தும்மல் நேரத்துக்குக் கைமாறிக்கொண்டுதான் இருந்தது. உச்சி மாடியில் மட்டும் ஒருவருக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது.

ஒரு நாள் காலை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் தட்டு ரொட்டியை எடுத்து வெளியே வைத்த நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"நான்தான் பேசறேன்" என்றார் குழுத் தலைவர். மேடைக் குரல் இல்லை. "இங்க இருட்டிக்கிட்டு வருது. அங்க எப்படி?"

"இங்கேயும் அப்படித்தாங்க."

"மாவு எவ்வளவு பிசைஞ்சீங்க?"

"எப்பவும் போலத்தான்."

"ஐயையோ! மழை வந்தா யாரு வருவா? அத்தனையும் மீந்துடுமே!"

ரொட்டிக்காரர் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தார். முதல் துளிகள் விழ ஆரம்பித்திருந்தன. தெருவில் ஆளில்லை.

"ஏங்க, ஏதாவது சொல்லுங்களேன்" என்றார் தலைவர். "எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றார் ரொட்டிக்காரர்.

தொலைபேசியைக் காதில் வைத்தபடி, இருவரும் மழையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.